சர்வர் அறை யுபிஎஸ் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால்

உங்கள் அலுவலக சர்வர் அறையில் உள்ள யுபிஎஸ் பழையதாகிவிட்டது, புதிதாக மாற்ற மதிப்பீடு தயாரிக்கவும் என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மின் பொறியாளர் இல்லை. அலுவலகக் கண்காணிப்பாளராகவோ, கணினிப் பிரிவில் ஒருவராகவோ இருக்கலாம். ‘பழையது எந்த அளவோ அதே அளவில் புதிது ஒன்று’ என்று குறிப்பெழுதி மேலே அனுப்பிவிடத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோப்பில் யாரும் எழுதாத சில கேள்விகள் இருக்கின்றன.

யுபிஎஸ் (கரண்ட் போனதும் ஒரு கணம்கூட இடைவெளி விடாமல் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவி) மணிக்கணக்கில் ஓட்டுவதற்கானது அல்ல. ஜெனரேட்டர் கிளம்பி, நிலைத்து, சுமையை ஏற்கும் வரை தாக்குப்பிடிப்பதுதான் அதன் வேலை. நல்ல நிலையில் உள்ள ஜெனரேட்டர் 10, 15 நொடிகளில் சுமையை ஏற்றுவிடும். ஏற்காமல் போனால்? சர்வர்களை ஒழுங்காக அணைத்துவைக்கும் அவகாசத்தையும் யுபிஎஸ்தான் தர வேண்டும்.

வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரும் இதைத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். கரண்ட் போனதை உணர்ந்த பிறகுதான் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும். அந்த நேரத்தில் பல்பு ஒருமுறை கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிமிட்டலே சில சர்வர்களைச் சாய்த்துவிடும். சர்வர் அறைக்கு வேண்டியது ஆன்லைன் யுபிஎஸ் (கரண்ட் இருக்கும்போதும் மின்சாரத்தை உள்வாங்கி, நேர்மின்சாரமாக்கி, மறுபடி மாறுமின்சாரமாக்கித் தருவது). சர்வர் எப்போதும் அதன் கையிலிருந்துதான் வாங்குகிறது. ஆகவே மாறுவது என்ற கட்டமே கிடையாது.

சர்வர் திடீரென அணைந்தால் என்ன ஆகிவிடும், மறுபடி போட்டுக்கொள்ளலாமே? பெரும்பாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பட்டா மாறுதலோ, வருமானச் சான்றோ தரவுத்தளத்தில் பாதி எழுதப்பட்டிருக்கும்போது அணைந்தால், அந்தப் பாதி என்ன ஆயிற்று என்று தேடுவதற்குள் அடுத்த நாள் காலை கவுன்ட்டரில் வரிசை நின்றுவிடும். ‘சர்வர் டவுன்’ என்று எழுதி ஒட்டிய அட்டைக்கு முன்னால் நிற்பவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம்.

இனி தென் கொரியாவுக்குப் போவோம். இந்த விஷயத்தில் அண்மைக்காலத்தின் மிகப் பெரிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

2025 செப்டம்பர் 26 இரவு எட்டேகால் மணி அளவில், டேஜான் நகரில் உள்ள அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் 5-வது தளத்தில் தீப்பிடித்தது. தீப்பிடித்தது சர்வரில் அல்ல, யுபிஎஸ் பேட்டரியில். லித்தியம் பேட்டரிகள் சர்வர்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஆபத்து என்று உணர்ந்து, அவற்றைக் கீழ்த்தளத்துக்கு இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் பற்றியது. தீயை முழுக்க அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் ஆனது. 384 பேட்டரிப் பொதிகள் எரிந்தன. 647 அரசு இணையச் சேவைகள் நின்றுபோயின என்று முதலில் அறிவித்தார்கள்; பிறகு அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. கைபேசி அடையாள அட்டை, அஞ்சலக வங்கி, மக்கள் சான்றிதழ் எடுக்கும் தளம் எல்லாம் ஒரே இரவில் படுத்துவிட்டன.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்துவைத்த பொதுச் சேமிப்பகம் ஒன்று அங்கே இருந்தது. 858 டெராபைட் (ஒரு டெராபைட் ஏறத்தாழ ஆயிரம் கிகாபைட்). அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே எங்கும் அதற்குப் பிரதி எடுக்கவில்லை. அத்தனையும் போயிற்று.

பேட்டரிகள் 2014-ல் வைக்கப்பட்டவை. பத்தாண்டு உத்தரவாதக் காலம் தாண்டியவை. வேலை தொடங்கும்போது மின்தொடர்புகள் முழுமையாகத் துண்டிக்கப்படவில்லை என்று போலீஸ் விசாரணை சொன்னது. ஆகவே பேட்டரியை உரிய காலத்தில் மாற்றாதது ஒரு பக்கம். மாற்றும் நாளைச் சாதாரண நாளாக நினைத்தது மறுபக்கம். உங்கள் கோப்பில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

சரி, மதிப்பீட்டை எங்கே தொடங்குவது? எத்தனை கேவிஏ என்ற கேள்வியில் தொடங்காதீர்கள். இந்த அறையில் உண்மையிலேயே எது ஓட வேண்டும் என்று கேளுங்கள். பல அலுவலகங்களில் முக்கியமான மென்பொருள்கள் ஏற்கெனவே சென்னைப் பெருங்குடியில் உள்ள மாநிலத் தரவு மையத்துக்கோ, தேசியத் தகவல் மையத்துக்கோ போய்விட்டன. இங்கே மிச்சம் இருப்பது நெட்வொர்க் கருவிகளும், யாரும் தொடாத இரண்டு பழைய சர்வர்களும், சிசிடிவி பதிவுப் பெட்டியும்தான். அப்படியானால் பெரிய யுபிஎஸ் எதற்கு? செத்த சர்வரை அணைத்துவிட்டு, இருப்பதற்கு மட்டும் சின்னதாக வாங்கினால் மிச்சப் பணத்தில் ஜெனரேட்டரைச் சரி செய்யலாம்.

அடுத்தது அளவு. பழைய யுபிஎஸ்ஸின் முகப்புத் திரையில் ‘லோடு’ என்று ஒரு சதவீதம் தெரியும். அதை ஒரு வாரம், வெவ்வேறு நேரங்களில் ஒரு தாளில் குறித்துவையுங்கள். இருபது கேவிஏ கருவியில் 35, 40 என்று காட்டுவது சாதாரணம். கேவிஏ என்பது கருவியின் பெயரளவுக் கொள்ளளவு. உண்மையில் வேலை செய்யும் மின்சக்தி கிலோவாட்டில் வரும். பழைய கருவிகளில் 20 கேவிஏ என்றால் 16 கிலோவாட்தான் கிடைக்கும். இப்போது வருபவை பலவற்றில் 20 கேவிஏவுக்கு 20 கிலோவாட்டும் கிடைக்கும். இதைக் கவனிக்காமல் ‘அதே 20’ என்று எழுதினால், தேவையில்லாத கொள்ளளவுக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

பேட்டரி எத்தனை வேண்டும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சுமை 6 கிலோவாட், தாக்குப்பிடிக்க வேண்டியது அரை மணி நேரம் என்றால் தேவை 3 யூனிட். யுபிஎஸ்ஸுக்குள் வீணாவதைச் சேர்த்தால் 3.3. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு பத்து மணி நேரமோ இருபது மணி நேரமோ நிதானமாக எடுத்தால் கிடைப்பது. அரை மணிக்குள் உறிஞ்சினால் ஏறத்தாழ பாதிதான் வரும். ஆகவே 6.6. வயதானால் குறையும் என்று கால் பங்கு கூட்டினால் எட்டுக்கு மேல். நாளைக்கு இன்னொரு சர்வர் வரும் என்று இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 10 யூனிட். 12 வோல்ட், 42 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் அரை யூனிட் இருக்கிறது. ஆகவே இருபது பேட்டரிகள்.

விற்பனையாளர் இதைவிட மிகக் குறைவாகச் சொன்னால், வயதானபின் என்ன ஆகும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மிக அதிகமாகச் சொன்னால், அரை மணியை இரண்டு மணியாக்கிக் காட்டுகிறார். ‘இரண்டு மணி நேர பேக்கப்’ என்று கேட்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. அதற்கான காரணம் ஏசி.

சர்வருக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக வெளியே வருகிறது. 6 கிலோவாட் சுமை என்றால் அந்த அறைக்குள் இரவும் பகலும் 6 கிலோவாட் ஹீட்டர் எரிகிறது என்றே கொள்ளுங்கள். கரண்ட் போனதும் யுபிஎஸ் சர்வரைத் தாங்கும். ஏசியைத் தாங்காது, ஏனென்றால் பெரும்பாலும் ஏசி யுபிஎஸ்ஸில் இணைக்கப்படுவதில்லை. சின்ன மூடிய அறையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெப்பம் ஆளை வெளியே தள்ளும். சர்வர்களுக்கு ஏற்றதாக ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு சொல்வது 18 முதல் 27 டிகிரி. ஏசி இல்லாமல் இரண்டு மணி நேரம் பேட்டரியில் ஓட்டுவது சர்வரை அவித்து எடுக்கத்தான் பயன்படும்.

ஆகவே ஜெனரேட்டர் சர்வருக்கு மட்டுமல்ல, சர்வர் அறை ஏசிக்கும் சேர்த்துத்தான். பல அலுவலகங்களில் ஜெனரேட்டர் லைன், அதிகாரிகளின் அறை ஏசிக்கும் லிஃப்டுக்கும் போயிருக்கும், சர்வர் அறை ஏசிக்குப் போயிருக்காது. ஒரு விடுமுறை நாளில் எலக்ட்ரீஷியனை வைத்து மெயினை இறக்கிப் பாருங்கள். எந்த ஏசி நிற்கிறது, எது ஓடுகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கரண்ட் திரும்பியதும் ஏசி தானாகக் கிளம்புகிறதா, ரிமோட்டை அழுத்த ஆள் வேண்டுமா என்பதையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ரிமோட்டை அழுத்த யார் இருப்பார்?

மொட்டைமாடியில் சோலார் போட்டிருக்கிறோமே, அது போதாதா? போதாது. மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் சாதாரண சோலார் அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. வெளியே கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. கொளுத்தும் வெயிலிலும் மின்தடையின்போது அதிலிருந்து ஒன்றும் வராது. பகல் நேர மின்கட்டணத்தைக் குறைக்க அது நல்லது, அவசரத்துக்கு ஆகாது.

பேட்டரி எந்த வகை என்பதில்தான் இப்போது எல்லோரும் குழம்புகிறார்கள். நம் அலுவலகங்களில் இருப்பவை எஸ்எம்எஃப் பேட்டரிகள் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடப்பட்ட ஈய-அமில பேட்டரி). இவற்றின் பரம எதிரி சூடு. 25 டிகிரியில் இருக்கும்படி வடிவமைத்தவை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும். படிக்கட்டுக்கு அடியில், காற்றில்லாத மூலையில், மே மாதத்து வேலூரிலோ கரூரிலோ வைத்தால் ஐந்து வருடம் என்று சொன்ன பேட்டரி இரண்டு வருடத்தில் போய்விடுவதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, யுபிஎஸ் சேவைப் பொறியாளரை அழைத்து, அவரைக் கொண்டே கேபினட்டைத் திறக்கச் சொல்லுங்கள். கைவைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கவாட்டு பிளாஸ்டிக் லேசாக உப்பியிருந்தால் அது உள்ளே வெந்துபோன பேட்டரி. முனையத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கசிவு. நட்டு தளர்ந்த இடத்தில் கேபிள் உறை கருகியிருக்கும். லேபிளில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். இருபதில் பதினெட்டு ஒரு தேதியும், இரண்டு வேறொரு தேதியும் காட்டினால், யாரோ செத்த இரண்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றியிருக்கிறார்கள். தொடராக இணைத்த பேட்டரிகளில் மிகப் பலவீனமான ஒன்று தீரும்போது மொத்த வரிசையும் தீர்ந்தது போலத்தான்.

வோல்ட்மீட்டர் வைத்தால் எல்லாம் 13 காட்டுகிறதே என்பார் வந்தவர். சுமை இல்லாமல் செத்த பேட்டரியும் 13 காட்டும். சுமையோடு பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லுங்கள். மற்றவை 12-ஐ ஒட்டி நிற்கும்போது ஒன்று மட்டும் பத்தரைக்குச் சரிந்தால் அதுதான் திருடன். இந்தச் சோதனையை மட்டும் அலுவலக நேரத்தில் செய்யவிடாதீர்கள்.

லித்தியத்துக்குப் போகலாமா? இடமும் எடையும் குறைவு, ஆயுள் பத்தாண்டு வரை வரும், சூட்டை ஓரளவு தாங்கும். முதல் விலை கூடுதல். டேஜானைப் படித்துவிட்டுப் பயப்படுவது இயல்பு. ஆனால் லித்தியத்தில் வகைகள் உண்டு. இரும்பு பாஸ்பேட் வகை, நிக்கல்-கோபால்ட் வகையைப் போல வெப்பக் கட்டுமீறலுக்கு (ஒரு செல் தானே சூடேறிப் பக்கத்துச் செல்லையும் பற்றவைப்பது) எளிதில் போகாது. ‘லித்தியம் பேட்டரி’ என்று மட்டும் டெண்டரில் எழுதினால் எது வேண்டுமானாலும் வரலாம். ‘லித்தியம் இரும்பு பாஸ்பேட், ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் மேலாண்மைப் பலகையோடு’ என்று எழுதுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு ரேக் உள்ள சிறிய அறைக்கு ஈய-அமிலமே போதும். ஒரே நிபந்தனை, நான்காவது ஆண்டு மாற்றுவதற்கான பணத்தை இன்றே திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களில் அரிது. எழுத முடியாது, பத்தாண்டுக்கு யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை என்றால் லித்தியமே வாங்குங்கள். எந்த வகையானாலும் பேட்டரியைச் சர்வர் அறைக்குள் வைக்காதீர்கள். தனி அறை, தீத்தடுப்புக் கதவு, வெளியே காற்றுப் போக வழி.

புதிய யுபிஎஸ்ஸால் மின்கட்டணம் குறையுமா? குறையும், அதைக் கோப்பில் காட்டவும் காட்டுங்கள். நிதிப் பிரிவுக்குப் பிடித்த பத்தி அதுதான். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கருவி குறைந்த சுமையில் ஓடும்போது நூறில் பதினைந்து பங்கை வெப்பமாக விடும். இப்போதைய கருவிகள் ஐந்து பங்கு விடும். 6 கிலோவாட் சுமைக்கு இந்த வித்தியாசம் ஆண்டுக்கு 6,500 யூனிட் அளவுக்கு வருகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 52,000 ரூபாய். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி உழைக்கும் செலவு தனி.

மாடுலர் யுபிஎஸ் (ஒரே பெட்டிக்குள் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் சிறு பகுதிகள் கொண்டது) பற்றியும் சொல்வார்கள். 10 கிலோவாட் பகுதி இரண்டு போட்டு, தேவை ஒன்றுதான் என்றால், ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுமை கூடிக்கூடி இரண்டு பகுதிக்கும் தேவை வந்துவிட்ட பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை யாரும் உங்களிடம் வந்து சொல்லமாட்டார்கள். திரையில் சதவீதத்தைக் குறிக்கும் தாளைத் தூக்கிப்போட வேண்டாம் என்பது இதனால்தான்.

சர்வரின் பின்பக்கம் போய் ஒன்றைப் பாருங்கள். நல்ல சர்வர்களுக்கு இரண்டு மின்கம்பிகள் இருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்குவதற்காக. அந்த இரண்டும் ஒரே பிளக் போர்டில் செருகியிருந்தால் இரண்டு இருந்தும் ஒன்றுதான். ஒன்று யுபிஎஸ்ஸிலும், மற்றது இன்னொரு யுபிஎஸ்ஸிலுமாகப் பிரிய வேண்டும். அதற்கு வசதி இல்லாவிட்டால் வேறொரு எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானாக இறங்கும் ஸ்விட்ச்) வழியாகவாவது போக வேண்டும். இதெல்லாம் சின்ன அலுவலகத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். 2016 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்தின் அட்லாண்டா மையத்தில் மின்கோளாறு ஏற்பட்டபோது, சுமார் 7,000 கருவிகளில் 300 மாற்று மின்வழிக்குச் சரியாக இணைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. சில நாட்களில் 2,000-க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

ஜெனரேட்டருக்கு வருவோம். மேற்சொன்ன 6 கிலோவாட், அதோடு யுபிஎஸ் வீணாக்குவதும் பேட்டரி சார்ஜ் ஆவதும் ஒன்றரை, ஏசி மூன்றரை, விளக்கு மின்விசிறி ஒன்று. ஆக 12 கிலோவாட். 15 கேவிஏ ஜெனரேட்டர் தருவதே 12 தான். ஏசி கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் ஆம்பியருக்கு மூச்சுத் திணறும். 20, 25 கேவிஏ பாதுகாப்பு. அதற்காக 100 கேவிஏ வாங்கினால் பெருமை உண்டு, பயன் இல்லை. கொள்ளளவில் 30 சதவீதத்துக்கும் குறைவான சுமையில் தொடர்ந்து ஓடும் டீசல் இன்ஜினில் எரியாத எண்ணெய் படிந்து கெடும். புதிதாக வாங்குவது 2023 ஜூலை முதல் அமலில் உள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்காம் கட்டப் புகை விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மின் ஆய்வுத்துறை ஒப்புதல் பற்றி, வாங்கிய பிறகல்ல, மதிப்பீட்டிலேயே பொதுப்பணித்துறை மின்பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு டீசல்? ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர். 12 கிலோவாட்டுக்கு மணிக்கு நான்கு லிட்டருக்குள். ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்குள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை ஷட்டவுன் எடுக்கும் நாளுக்கு இருபது லிட்டரே போதும். ஆனால் நீங்கள் நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ இருந்தால் அந்தக் கணக்கு உதவாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. பெட்ரோல் பங்கிலும் கரண்ட் இல்லை என்றால் டீசல் எங்கே வாங்குவீர்கள்? கடலோர மாவட்டங்களில் மூன்று நாளுக்கான 300 லிட்டராவது அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒரு கலத்தில் ஆயிரம் லிட்டர், மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசல் வைக்கப் பெட்ரோலியச் சட்ட உரிமம் தேவையில்லை. கடைகளில் 990 லிட்டர் டேங்க் என்ற விசித்திர அளவு கிடைப்பதன் ரகசியம் இதுதான். தீயணைப்புத் துறை சொல்வது தனி, அதையும் கேளுங்கள்.

டேங்க் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பிராட் தெருவில் ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டர் மேல்மாடியில் பத்திரமாக இருந்தது. டீசல் டேங்கும் அதை மேலேற்றும் பம்பும் அடித்தளத்தில். கடல்நீர் புகுந்து பம்ப் மூழ்கிவிட்டது. அங்கே சர்வர் வைத்திருந்த நிறுவனங்களின் ஊழியர்கள் இருட்டில் வரிசையாக நின்று, வாளி வாளியாக டீசலைப் பதினேழு மாடிப் படிகளில் தூக்கி ஊற்றி இன்ஜினை ஓடவைத்தார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்திலும் அடித்தளத்திலும் இருந்த ஜெனரேட்டர்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உங்கள் வளாகத்தில் இதற்கு முன் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று பழைய காவலாளியைக் கேளுங்கள். அதற்கு மேல் இரண்டு அடி உயர்த்தி மேடை கட்டுங்கள். பேட்டரி அறைக்கும் இதே விதி. தீக்குப் பயந்து அடித்தளத்துக்குக் கொண்டுபோய் வெள்ளத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் இருந்தும் ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம், அதன் சொந்த ஸ்டார்ட்டிங் பேட்டரி செத்திருப்பது. லட்சக்கணக்கில் போட்ட இன்ஜின் சில ஆயிரம் ரூபாய் பேட்டரியால் நின்றுபோகும். வாரம் ஒருமுறை ஓட்டுகிறோம் என்பார்கள். சுமை இல்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிடுவதைத்தான் ஓட்டுவது என்கிறார்கள். மாதம் ஒருமுறையாவது மெயினை இறக்கி, உண்மையான சுமையோடு அரை மணி ஓட்டுங்கள். அன்று ஏஎம்எஃப் பலகை (கரண்ட் போனதை உணர்ந்து ஜெனரேட்டரைத் தானாகக் கிளப்பும் பலகை) ‘ஆட்டோ’வில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ ‘மேனுவல்’ பக்கம் திருப்பி மறந்துவிட்டுப்போயிருப்பது நடக்கக்கூடியதே.

மிகக் குறைந்த செலவில் பெரிய பயன் தருவது இன்னொன்று உண்டு. யுபிஎஸ்ஸில் ஒரு நெட்வொர்க் அட்டை பொருத்தி, பேட்டரி இன்னும் பத்து நிமிடம்தான் என்ற நிலையில் சர்வர்களைத் தானாக, ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கும்படி செய்யலாம். மென்பொருள் ஓடும் சர்வர்கள் முதலில், தரவுத்தள சர்வர் அடுத்து, சேமிப்புக் கருவி கடைசியில். ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை இரவில் உங்களைக் காப்பாற்றுவது இதுதான். பல அலுவலகங்களில் அட்டை வாங்கியிருப்பார்கள். உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கும்.

மாற்றும் நாள். இதற்குத்தான் டேஜானை முன்னே சொன்னேன். வேலை தொடங்கும் முன் எல்லாத் தரவுக்கும் பிரதி எடுத்து, அந்தப் பிரதி இந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். திறந்து பார்த்து அது படிக்க முடிகிறது என்று உறுதி செய்திருக்க வேண்டும். பேட்டரியின் பிரேக்கரை இறக்கிவிட்டோம் என்பதால் பேட்டரி செத்துவிடவில்லை. இருபது பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 240 வோல்ட் நேர்மின்சாரம். எந்த ஸ்விட்ச்சை அணைத்தாலும் முனையங்களில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். வரிசையை நடுவில் பிரித்துச் சிறு துண்டுகளாக்கி, உறையிட்ட கருவிகளால், முனையங்களை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

அந்தச் சில மணி நேரம் சர்வர்கள் எதில் ஓடும்? மராமத்து பைபாஸ் (யுபிஎஸ்ஸைச் சுற்றிக்கொண்டு நேரடி கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அதில். இல்லையென்றால் சனிக்கிழமை மாலை சர்வர்களை ஒழுங்காக அணைத்துவிட்டு ஞாயிறு முழுவதும் வேலை செய்வதே நல்லது. அறிவிப்பை வியாழக்கிழமையே கவுன்ட்டரில் ஒட்டுங்கள். புதிய அமைப்பில் பைபாஸ் ஸ்விட்ச் கட்டாயம் என்று டெண்டரில் சேருங்கள்; அடுத்த முறை மாற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

டெண்டர் வாசகத்தில் இன்னும் சில. விலை குறைந்தவருக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே தரத்தை விலைக்கு முன்னாலேயே வாசகத்தில் பூட்டுங்கள். பேட்டரி தயாரித்து மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும், எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதி. ஒப்படைக்கும் முன் முழுச் சுமையில், கேட்ட அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும், அதன் பிறகே பணம். பேட்டரிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் தனித்தனி உத்தரவாதக் காலம் எழுதப்பட வேண்டும்; ‘மூன்று ஆண்டு உத்தரவாதம்’ என்று பொதுவாக எழுதினால் பேட்டரி அதில் சேராது என்பார்கள். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது பேட்டரி உள்ளடங்கியதா என்று ஒரு வரி.

இத்தனைக்கும் பணம் இல்லை, பாதிதான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால்? முதலில் வெளியூரில் தரவுப் பிரதி. அதற்கு யுபிஎஸ் பட்ஜெட்டே வேண்டாம். அடுத்து செத்த பேட்டரிகளை மொத்தமாக மாற்றுவது, ஏசியை ஜெனரேட்டர் லைனுக்குக் கொண்டுவருவது, நெட்வொர்க் அட்டை. புதிய யுபிஎஸ் கருவி கடைசி. பழைய கருவி சத்தம் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓடும். உப்பிய பேட்டரி ஓடாது.

கழற்றிய பழைய பேட்டரிகளை என்ன செய்வது? வராந்தாவில் அடுக்கி, ‘கண்டம்’ செய்ய உத்தரவு வரும்வரை வருடக்கணக்கில் வைத்திருப்பது வழக்கம். அதில் ஈயமும் அமிலமும் இருக்கிறது, கசியும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேகரிப்பவரிடமோதான் ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. ஜெம் (அரசின் இணையக் கொள்முதல் சந்தை) தளத்தில் வாங்கினால் பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையில் கழிக்கும் பைபேக் வசதி உண்டு. அதை முதல் நாளே டெண்டரில் கேட்டுவிட்டால், புதியதை இறக்கும் வண்டியிலேயே பழையது ஏறிவிடும். ஏற்றும் முன் ஒவ்வொன்றின் முனையத்திலும் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் எண்ணிக்கையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.